முந்துதாக்குதலும் தடுப்புப் போரும்: எல்லைக்கோட்டை யார் வரைவது?

#1 ஆய்வுமேசை

2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானின் அணு நிலையங்களையும் படைத் தலைவர்களையும் தாக்கியபோது, அதை முந்துதாக்குதல் என்றே உலகுக்கு அறிவித்தது. 2002 செப்டம்பரில் வெளியான அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு வியூக ஆவணமும் அதே பெயரைத்தான் கையாண்டது. ஆறு மாதம் கழித்து இராக் மீது படையெடுப்பு நடந்தது. இந்த இரண்டு நிகழ்வுகளிலும் எதிரியின் தரைப்படை எல்லையில் தாக்குதலுக்கு அணிவகுத்து நிற்கவில்லை. இன்னும் சில காலத்தில் எதிரி என்ன ஆகக்கூடும் என்ற கணிப்பே போருக்கான காரணமாக முன்வைக்கப்பட்டது.

பேச்சு குழம்பாமல் இருக்க, நான் இரண்டையும் எப்படிப் பிரிக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எதிரி தாக்கப் புறப்பட்டுவிட்டான் என்பது அவனுடைய படை நகர்விலிருந்தே தெரிந்துவிட்ட நிலையில், முதல் அடியைத் தானே கொடுப்பது முந்துதாக்குதல். இன்று தாக்கும் நிலையில் இல்லாத ஒருவன் நாளை வலுப்பெற்றுத் தாக்கக்கூடும் என்று அஞ்சி, அவன் வலுப்பெறுவதற்கு முன்பே போர் தொடுப்பது தடுப்புப் போர். முதலாவதில் போர் எப்படியும் வரப்போகிறது, யார் தொடங்குவது என்பது மட்டுமே மிச்சமிருக்கும் கேள்வி. இரண்டாவதில் போர் வருமா என்பதே தெரியாது. தொடுப்பவர்தான் அதை உறுதிப்படுத்துகிறார்.

ஏட்டில் இந்தப் பிரிவு தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசுகள் நடத்துவது பெரும்பாலும் இரண்டாவது வகை; அறிவிப்பது முதல் வகை. இந்தப் பெயர்மாற்றம் எப்படிச் சாத்தியமாகிறது என்பதையும், அணு ஆயுதக் காலத்தில் பழைய அளவுகோல் இன்னும் செல்லுபடியாகுமா என்பதையும் இங்கே விவாதிக்க விரும்புகிறேன். எந்த நாடு நல்ல நாடு, எது கெட்ட நாடு என்ற வழக்கமான சண்டையைத் தயவுசெய்து வேறு இழைக்குக் கொண்டு செல்லுங்கள்.

#2 சாசனவாசி

சட்டத்தின் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். எல்லோரும் மேற்கோள் காட்டும் அளவுகோல் ஒரு சிறிய கப்பலிலிருந்து பிறந்தது. கனடாவில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தவர்களுக்கு ஆளும் பொருளும் ஏற்றிச் சென்ற கரோலின் என்ற நீராவிக் கப்பலை, 1837 டிசம்பர் 29 இரவு பிரிட்டிஷ் படையினர் நயாகரா ஆற்றைக் கடந்துபோய் அமெரிக்கக் கரையில் பிடித்து, தீயிட்டு, நீரோட்டத்தில் விட்டார்கள். ஓர் அமெரிக்கர் கொல்லப்பட்டார். அதையொட்டி எழுந்த தகராறில், 1841இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டேனியல் வெப்ஸ்டர் பிரிட்டனுக்கு எழுதிய கடிதத்தில், தற்காப்பின் தேவை உடனடியாகவும் தவிர்க்க முடியாததாகவும், வேறு வழியைத் தேர்ந்தெடுக்க இடமோ ஆலோசிக்க நேரமோ இல்லாததாகவும் இருக்க வேண்டும் என்று வரையறுத்தார். செய்த செயல் தேவையின் எல்லையைத் தாண்டியிருக்கக் கூடாது என்பதும் அதே கடிதத்தில் இருக்கிறது. மேற்கோள் காட்டுபவர்கள் இந்த இரண்டாம் பகுதியை வசதியாக விட்டுவிடுவார்கள்.

அந்த வரையறை நூறாண்டு கழித்து, நாஜித் தலைவர்களின் போர்க்குற்றங்களை விசாரித்த நூரம்பர்க் தீர்ப்பாயத்தில் உயிர்பெற்றது. 1940 ஏப்ரலில் நார்வே மீது படையெடுத்தது நேச நாடுகளின் தரையிறக்கத்தைத் தடுக்கத்தான் என்று ஜெர்மன் தரப்பு வாதாடியபோது, தீர்ப்பாயம் கரோலின் அளவுகோலை எடுத்துவைத்து அந்த வாதத்தைத் தள்ளியது. உடனடியாக நடக்கவிருந்த தரையிறக்கத்தை முறியடிக்கும் திட்டம் அது என்பதற்கு ஆதாரம் இல்லை. எப்போதோ நடக்கக்கூடிய ஆக்கிரமிப்பைத் தவிர்க்கும் திட்டம் என்று வேண்டுமானால் சொல்லலாம், அது போதாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் கோட்டை ஒரு நீதிமன்றம் வெளிப்படையாகப் போட்ட இடம் அது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் தூக்கு மேடைக்குப் போகக்கூடிய வழக்கில் போடப்பட்ட கோடு என்பதால், அதற்கு வகுப்பறைக் கோட்டைவிட எடை அதிகம்.

1945இல் எழுதப்பட்ட ஐ.நா. சாசனம் இன்னும் இறுக்கமானது. பிரிவு 2(4) பலப்பிரயோகத்தைத் தடை செய்கிறது. பிரிவு 51 ஆயுதத் தாக்குதல் நிகழ்ந்தால் தற்காத்துக்கொள்ளும் உரிமையை விட்டுவைக்கிறது. நிகழ்ந்தால் என்பதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் முந்துதாக்குதலுக்கே இடமில்லை. பல சட்ட அறிஞர்கள் அப்படித்தான் வாசிக்கிறார்கள். வேறு பலர், தலைக்கு மேல் வந்துவிட்ட தாக்குதலுக்கு எதிரான உரிமை சாசனத்துக்கு முன்பே வழக்கில் இருந்தது, சாசனம் அதைப் பறிக்கவில்லை என்கிறார்கள். 2004 டிசம்பரில் ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த உயர்நிலைக் குழு இரண்டாவது வாசிப்பின் பக்கம் சாய்ந்து, உடனடி அபாயத்துக்கு எதிராக ஒரு நாடு தானே செயல்படலாம், உடனடியல்லாத அபாயத்துக்குப் பாதுகாப்பு அவையிடம்தான் போக வேண்டும் என்று பிரித்தது. ஒருவருக்கு அனுமதித்தால் எல்லோருக்கும் அனுமதித்ததாகிவிடும் என்பது அந்தக் குழு சொன்ன காரணம்.

#3 மலையமான்

சாசனவாசி ஐயா எழுதியதை மறுக்கவில்லை. ஆனால் நீராவிக் கப்பல் காலத்து அளவுகோலை வைத்துக்கொண்டு, சில நிமிடங்களில் ஒரு நகரத்தையே அழிக்கும் ஏவுகணைக் காலத்தில் ஒரு நாட்டின் பாதுகாப்பை யாரால் பொறுப்பேற்க முடியும்? ஆலோசிக்க நேரமில்லாத நிலை வரும்வரை காத்திருந்தால், அந்த நிலை வரும்போது முந்திக்கொள்ளவும் நேரம் இருக்காது. அணு ஆயுதத் திட்டத்தில் கண்ணுக்குத் தெரியும் படை திரட்டல் என்று ஒன்றுமில்லை. மலைக்கு அடியில் ஒரு கூடத்தில் யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்குக் கருவிகள் சுழல்கின்றன. ஒரு நாள் சுழல்வது நின்றுவிடுகிறது, வேலை முடிந்துவிட்டது. உடனடித்தன்மை என்பதை இதில் எந்த நாளில் தேடுவீர்கள்?

முள்மரத்தை இளையதாக இருக்கும்போதே வெட்டு, முற்றிய பிறகு வெட்டுபவன் கையையே அது வெட்டும் என்பதைப் பள்ளியில் படித்துவிட்டுத்தான் நாம் எல்லோரும் வந்திருக்கிறோம். அரசியல் அறம் பேசிய நம் முன்னோருக்கு இது தயக்கமில்லாத அறிவுரையாக இருந்திருக்கிறது. 1936 மார்ச்சில் ஜெர்மன் படை, பிரான்ஸ் எல்லையை ஒட்டிய ரைன்லாந்துக்குள் நுழைந்தபோது பிரான்ஸ் தாக்கியிருந்தால், அன்று அது தடுப்புப் போர் என்று கண்டிக்கப்பட்டிருக்கும். ஆனால் அடுத்த பத்தாண்டின் கதையே வேறாக இருந்திருக்கும். அந்தக் கண்டனத்தை வாங்கிக்கொள்ள நான் தயார்.

#4 சாசனவாசி

1936 எடுத்துக்காட்டு இந்த விவாதத்தில் தவறாமல் வந்துவிடுகிறது, ஆகவே உடனே பதில் சொல்கிறேன். ரைன்லாந்தில் படை வைக்கக் கூடாது என்பது வெர்சாய் ஒப்பந்தமும் 1925 லொக்கார்னோ ஒப்பந்தமும் விதித்த கட்டுப்பாடு. அதை ஜெர்மனி வெளிப்படையாக மீறியது. அன்று பிரான்ஸ் செயல்பட்டிருந்தால், நடந்துவிட்ட ஒப்பந்த மீறலுக்கு எதிரான நடவடிக்கையாக அது இருந்திருக்கும். எதிர்காலத்தில் ஜெர்மனி என்ன ஆகும் என்ற கணிப்பு அதற்குத் தேவையே இல்லை. தடுப்புப் போருக்கு ஆதரவாக வரலாற்றின் மிக வலுவான சான்று என்று கொண்டுவரப்படுவது, தடுப்புப் போரே ஆகாது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும்.

#5 பழங்கணக்கு

கோட்பாட்டை விட்டு இரண்டு காலைப்பொழுதுகளை வைத்துப் பேசலாம். ஒரே நாடு, ஆறாண்டு இடைவெளி, எதிரெதிரான முடிவுகள்.

1967 மே 16 அன்று, சினாயில் பத்தாண்டாக இருந்த ஐ.நா. படையை வெளியேறச் சொன்னது எகிப்து. 22ஆம் நாள் இரவு திரான் நீரிணையை இஸ்ரேலியக் கப்பல்களுக்கு மூடுவதாக எகிப்து அதிபர் நாசர் அறிவித்தார். 30ஆம் நாள் ஜோர்தான் மன்னர் கெய்ரோ சென்று கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். எகிப்தின் தரைப்படை பெருமளவில் சினாய்க்குள் வந்து நின்றது. ஜூன் 5 காலையில் இஸ்ரேலிய வான்படை எகிப்தின் விமானங்களை ஓடுதளத்திலேயே அழித்தது. பாடப்புத்தகங்களில் முந்துதாக்குதலுக்குத் தரப்படும் முதல் எடுத்துக்காட்டு இதுதான்.

அப்படியிருந்தும் இந்த எடுத்துக்காட்டே முழுத் தெளிவு உடையதாக இல்லை. 1982 ஆகஸ்டில், அப்போது பிரதமராக இருந்த மெனாகெம் பெகின் தம் நாட்டின் தேசியப் பாதுகாப்புக் கல்லூரியில் பேசும்போது, சினாயில் எகிப்தியப் படை குவிந்திருந்தது நாசர் உண்மையிலேயே தாக்கப்போகிறார் என்பதற்குச் சான்றாகாது, நாம்தான் தாக்க முடிவு செய்தோம் என்று வெளிப்படையாகச் சொன்னார். 1967இல் அமைச்சரவையில் இருந்தவர் சொன்னது இது. போர் தொடங்கிய நாளிலோ, எகிப்துதான் முதலில் நகர்ந்தது என்று இஸ்ரேல் பாதுகாப்பு அவையிடம் கூறியிருந்தது. முந்திக்கொண்டோம் என்று சொல்வதற்கே அன்று தயக்கம் இருந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. இஸ்ரேலின் படையில் பெரும்பகுதி குடிமக்களான சேமப்படையினர். அவர்களை வாரக்கணக்கில் முகாமில் வைத்திருந்தால் நாட்டின் பொருளாதாரம் நின்றுபோகும். வீட்டுக்கு அனுப்பினால் எல்லை காலியாகும். ஆகவே எகிப்து தாக்காவிட்டாலும், காத்திருப்பதே ஒவ்வொரு நாளும் இழப்பாக மாறியது. எதிரியின் நோக்கத்தைப் பற்றிய அறிவு முழுமையாக இல்லாதபோதும் காலநெருக்கடி உண்மையாக இருந்தது. முந்துதாக்குதலுக்கும் தடுப்புப் போருக்கும் நடுவே ஒரு சதுப்பு நிலம் உண்டு என்பதை இந்த நிகழ்வைப் போல வேறெதுவும் காட்டவில்லை.

அடுத்தது 1973 அக்டோபர் 6. அன்று மாலைக்குள் எகிப்தும் சிரியாவும் தாக்கும் என்ற தகவல் அதிகாலையில் வந்துவிட்டது. படைத் தலைவர் தாவீத் எலாசார் வான்தாக்குதலுக்கு அனுமதி கேட்டார். பிரதமர் கோல்டா மெயிர் மறுத்தார். நாம் முதலில் தாக்கினால் யாரும் உதவ மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. பிற்பகல் இரண்டு மணியளவில் இரண்டு முனைகளிலும் தாக்குதல் வந்தது. அந்தப் போரில் 2,500க்கும் மேற்பட்ட இஸ்ரேலியப் படையினர் இறந்தார்கள். அக்டோபர் 14 முதல் அமெரிக்காவின் ஆயுதங்கள் வானூர்திகளில் வந்து இறங்கின.

ஆக, கரோலின் அளவுகோல் முழுமையாகப் பொருந்திய காலையில் முந்திக்கொள்ளவில்லை. அரைகுறையாகப் பொருந்திய காலையில் முந்திக்கொண்டார்கள். உரிமை இருப்பதும் அதைப் பயன்படுத்துவது அறிவுடைமையாக இருப்பதும் தனித்தனிக் கேள்விகள் என்பதை இங்கே எழுதும் நண்பர்கள் சிலர் மறந்துவிடுகிறீர்கள்.

#6 வான்பாதை

பழங்கணக்கு அவர்கள் எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். 1967 ஜூன் 5ஐப் பார்த்து, முதல் அடி கொடுத்தவர் வெல்வார் என்ற பாடத்தைப் பல படைத்தலைமைகள் எடுத்துக்கொண்டன. 1971 டிசம்பர் 3 மாலையில் பாகிஸ்தான் வான்படை இந்தியாவின் மேற்குப் பகுதி விமானத் தளங்களைத் தாக்கியதும் அந்தப் பாடத்தின் வழியில்தான். ஆனால் இந்திய விமானங்கள் காங்கிரீட் காப்பிடங்களிலும் பல தளங்களிலுமாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. ஓடுதளங்களில் விழுந்த குழிகள் விரைவில் அடைக்கப்பட்டன. கிழக்கில் நவம்பர் இறுதியிலேயே மோதல் தொடங்கிவிட்டிருந்தும், முழுப் போரைத் தொடங்கியது யார் என்ற கேள்விக்கு அந்த மாலை இந்தியாவுக்கு எளிய பதிலைக் கொடுத்துவிட்டது. டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரணடைவு.

முதல் அடி எதிரியை முடக்காவிட்டால், அடித்தவருக்கு மிஞ்சுவது பழி மட்டுமே. இந்த உரையாடலில் எல்லோரும் வெற்றிபெற்ற முதல் அடிகளை மட்டுமே எடுத்துப் பேசுகிறோம்.

#7 மலையமான்

அப்படியானால் வெற்றிபெற்ற ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 1981 ஜூன் 7 அன்று இஸ்ரேலின் 8 எஃப்-16 விமானங்கள் பாக்தாத் அருகே ஒசிராக் அணு உலையைத் தகர்த்தன. பாதுகாப்பு அவை 487ஆம் தீர்மானத்தில் ஒருமனதாகக் கண்டித்தது. பத்தாண்டு கழித்து, வளைகுடாப் போரின்போது, சதாம் ஹுசைனிடம் அணுகுண்டு இல்லை என்பதற்காக உள்ளூர நன்றி சொன்னவர்களில் அன்று கண்டித்த நாடுகளும் உண்டு. சட்டப்படி தவறு, விளைவில் சரி என்று ஒரு செயல் இருக்கலாம் என்பதை ஏன் ஒப்புக்கொள்ள மறுக்கிறீர்கள்? 2007 செப்டம்பரில் சிரியாவின் அல்-கிபார் கட்டடம் தகர்க்கப்பட்டபோது ஏறக்குறைய யாருமே கண்டிக்கவில்லை. உலகம் பாடம் கற்றுக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

#8 அணுத்துகள்

ஒசிராக் விளைவில் சரி என்பது, அந்த உலையை மட்டும் பார்த்தால் தோன்றும் முடிவு. அடுத்த பத்தாண்டு இராக்கில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒசிராக் பிரான்ஸ் கட்டிக்கொடுத்தது. இராக் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்த நாடு. அந்த உலையைப் பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் பார்வையிட முடிந்தது. குண்டுக்கு வேண்டிய புளூட்டோனியத்தைத் திருட்டுத்தனமாக எடுப்பது கடினம் என்று ஒரு தரப்பு இன்றும் வாதிடுகிறது. முடியும் என்று மறுதரப்பு. அதில் நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. தாக்குதலுக்குப் பிறகு இராக் உலைப் பாதையை விட்டுவிட்டு, யாருக்கும் தெரியாமல் யுரேனியம் செறிவூட்டும் பாதைக்கு மாறியது. பணமும் ஆட்களும் பெருகினார்கள். 1991 போருக்குப் பிறகு உள்ளே சென்ற ஆய்வாளர்கள், மின்காந்த முறையில் யுரேனியத்தின் ஓரகத்தனிமங்களை (ஐசோடோப்புகளை) பிரிக்கும் பெரும் ஏற்பாட்டைக் கண்டு அதிர்ந்தார்கள். உளவு அமைப்புகளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. குண்டு கிடைக்காமல் போனதற்கு 1981ஐவிட, 1990இல் குவைத்தை ஆக்கிரமித்த சதாமின் சொந்த அவசரமும் அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும்தான் பெரிய காரணம்.

முள்மரம் பாடிய அதே புலவர், முழுதாக எண்ணிப் பார்க்காமல் பகைவர் மேல் எழுவது அவரைப் பாத்தி கட்டி வளர்ப்பதற்கு ஒப்பாகும் என்றும் பாடியிருக்கிறார் என்பதை மலையமான் அவர்களுக்கு நினைவூட்டுகிறேன்.

அல்-கிபார் வேறு வகை. சிரியா அதை அறிவிக்கவில்லை, ரகசியமாகக் கட்டியது, தகர்ந்த பிறகு இடிபாடுகளை அகற்றி மூடியது. 2011இல் முகமை, அது பெரும்பாலும் ஓர் அணு உலையாகவே இருந்திருக்கும் என்று முடிவுக்கு வந்தது. சிரியாவே பெரிதாகக் கூச்சலிடவில்லை, இஸ்ரேலும் 2018 மார்ச் வரை பொறுப்பேற்கவில்லை. உலகம் அமைதியாக இருந்ததிலிருந்து ஒரு சட்டக் கொள்கை பிறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. உரிமை கோரப்படவே இல்லை என்றால், எதை ஏற்றுக்கொண்டதாகக் கொள்வது?

#9 ஆய்வுமேசை

என்னுடைய மையக் கருத்தை இங்கே வைக்கிறேன். இந்த இரண்டு வகைகளுக்கும் இடையிலுள்ள உண்மையான வேறுபாடு காலத்தின் நீளத்தைவிட, சான்றின் தன்மையில் இருக்கிறது.

திரண்டு நிற்கும் படையைச் செயற்கைக்கோள் காட்டும், விடுப்பு ரத்தாகும், எரிபொருள் வண்டிகள் முன்னே நகரும், மருத்துவமனைகள் காலியாக்கப்படும். இவற்றை ஒருவர் பார்த்தார் என்றால் இன்னொருவரும் பார்க்கலாம், பின்னால் சரிபார்க்கலாம். தடுப்புப் போருக்கோ இன்னும் சில ஆண்டுகளில் எதிரி அரசு எடுக்கப்போகும் முடிவைப் பற்றிய சான்று தேவை. அந்த முடிவை அந்த அரசே இன்னும் எடுக்கவில்லை. ஆகவே உளவுத்துறை எவ்வளவு திறமையானதாக இருந்தாலும், இல்லாத ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாது; ஊகத்தைத்தான் சமர்ப்பிக்க முடியும். அந்த ஊகம் மேலே செல்லச் செல்ல உறுதியாக மாறுகிறது.

இராக் விவகாரத்தில் இதன் ஒவ்வொரு படியும் ஆவணமாக நம்மிடம் இருக்கிறது. 2002 அக்டோபரில் அமெரிக்க உளவு அமைப்புகளின் கூட்டு மதிப்பீடு. 2003 பிப்ரவரி 5 அன்று பாதுகாப்பு அவையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பாவெல் காட்டிய படங்கள். நடமாடும் உயிரியல் ஆயுதக் கூடங்கள் பற்றி, கர்வ்பால் என்று புனைபெயரிடப்பட்ட ஒரே ஆளின் சொல்லை நம்பி வந்த தகவல். அப்போது ஹான்ஸ் பிளிக்ஸ் தலைமையிலான ஐ.நா. ஆயுத ஆய்வாளர்கள் இராக்கில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மேலும் சில மாதங்கள் கேட்டார்கள். மார்ச் 20 அன்று போர் தொடங்கியது. போருக்குப் பின் அமெரிக்கா அனுப்பிய இராக் ஆய்வுக் குழுவின் 2004 அறிக்கை, அணு ஆயுதத் திட்டம் 1991லேயே நின்றுவிட்டது என்றது. 2016இல் பிரிட்டன் அரசு அமைத்த சில்காட் விசாரணை, அமைதியான வழிகள் தீர்ந்துபோவதற்கு முன்பே பிரிட்டன் போரில் இறங்கியது என்று முடிவு கூறியது.

இதில் ஒரு விந்தை உண்டு. பிரிட்டன் தன் சட்டக் காரணமாகத் தற்காப்பைச் சொல்லவே இல்லை. இராக் பற்றிய பாதுகாப்பு அவையின் 678, 687, 1441ஆம் தீர்மானங்களைத்தான் காட்டியது. அமெரிக்காவின் சட்ட வாதமும் முதன்மையாக அவற்றின் மீதே நின்றது. உடனடித் தாக்குதலுக்கு அப்பால் விரியும் முந்துதாக்குதல் கொள்கை பன்னாட்டுச் சட்டத்தில் இல்லை என்று பிரிட்டனின் தலைமை வழக்கறிஞர் கோல்ட்ஸ்மித் பிரபு 2003 மார்ச் 7 அன்று எழுதிய கருத்துரையில் இருக்கிறது. மேடையில் முழங்கிய கொள்கையை எழுத்தில் கையெழுத்திட்டுத் தர அவர்களுடைய வழக்கறிஞரே தயாராக இல்லை.

#10 தராசு

தடுப்புப் போரின் பக்கம் நிற்பவர்கள் முட்டாள்கள் என்பதுபோல இந்த இழை போவதால், அவர்களுடைய தர்க்கத்தை அதன் முழு வலிமையோடு வைக்க விரும்புகிறேன்.

இரண்டு நாடுகள். ஒன்று தேய்கிறது, மற்றது வளர்கிறது. வளரும் நாடு, நான் வளர்ந்த பிறகும் உன்னைத் தொட மாட்டேன் என்று இன்று மனப்பூர்வமாகவே வாக்களிக்கலாம். ஆனால் பத்தாண்டு கழித்து அந்த வாக்கை மீறுவது அதற்கு லாபமாக இருந்தால், அன்று யார் தடுப்பது? வாக்கைக் காப்பாற்ற வைக்கும் ஆற்றல் யாரிடமும் இல்லாத உலகத்தில், தேயும் நாடு இன்றே போரிடுவது கணக்குப்படி சரியாக வந்துவிடும். இங்கே யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் வெறி பிடித்தவர் இல்லை; ஆனாலும் போர் வருகிறது. 1914இல் ஜெர்மன் படைத் தலைமையின் பேச்சில் இதைத்தான் கேட்கிறோம். ரஷ்யாவின் பெரும் படைத் திட்டம் 1917இல் முடிந்துவிடும், அதன் பிறகு வெல்ல முடியாது என்பது ஜெர்மன் படைத் தலைவர் மோல்ட்கேயின் தீராத கவலை. 1941இல் எண்ணெய்த் தடைக்குப் பிறகு ஜப்பானியக் கடற்படையின் கணக்கும் ஏறக்குறைய இதேதான்: கையிருப்பு குறைந்துகொண்டே போகிறது, அமெரிக்காவின் கப்பல் கட்டுமானம் பெருகிக்கொண்டே போகிறது, ஆகவே இப்போதே.

தர்க்கம் பிசகில்லாதது. ஆனால் அது நடத்திவைத்த இரண்டு போர்களும் அவற்றைத் தொடங்கிய அரசுகளையே விழுங்கின.

அதே தர்க்கம் பொருந்தியும் போர் நடக்காமல் போன இடங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். சோவியத் யூனியன் 1949இல் குண்டு வெடித்த பிறகு, அது பெருகுவதற்குள் அடித்துவிட வேண்டும் என்று வாஷிங்டனில் வெளிப்படையாகவே பேசினார்கள். 1950 ஆகஸ்டில் கடற்படைச் செயலர் பிரான்சிஸ் மேத்யூஸ் பொதுமேடையில் அதை ஆதரித்தார். வான்படைப் போர்க்கல்லூரியின் தலைவராக இருந்த ஜெனரல் ஆர்வில் ஆண்டர்சன் இதே கருத்தைப் பேசியதற்காகப் பதவியிலிருந்து நீக்கிவைக்கப்பட்டார். 1954இல் செய்தியாளர் கேட்டபோது, அப்படி ஒரு யோசனையோடு வருபவரின் பேச்சைக் காதில்கூட வாங்க மாட்டேன் என்ற பொருளில் அமெரிக்க அதிபர் ஐசனோவர் பதிலளித்தார்.

சீனாவின் கதை இன்னும் கூர்மையானது. 1963இலும் 1964இலும் சீனாவின் அணு நிலையங்களைத் தாக்கலாமா என்று அமெரிக்க அரசு தீவிரமாக ஆராய்ந்தது. சோவியத்தின் மனநிலையைக்கூட நாடிபிடித்துப் பார்த்தது. சீனா அன்று இன்றைய எந்த நாட்டையும்விட அச்சுறுத்தலாகச் சித்தரிக்கப்பட்டது. தாக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. 1964 அக்டோபர் 16 அன்று குண்டு வெடித்தது. 1972 பிப்ரவரியில் நிக்சன் பெய்ஜிங்கில் மாவோவுடன் கைகுலுக்கினார். எட்டாண்டுக்குள் ஒரு நாட்டின் நோக்கம் பற்றிய கணிப்பு தலைகீழாகும் என்றால், எட்டாண்டுக்குப் பிந்தைய அபாயத்துக்காக இன்று எத்தனை பேரைக் கொல்லலாம்?

#11 மலையமான்

சீனா நல்லபடியாக முடிந்தது என்பதால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று கொள்ள முடியாது. வட கொரியாவை 1994இல் தாக்கும் திட்டம் பென்டகனில் தயாராக இருந்தது, தாக்கவில்லை, ஒப்பந்தம் போட்டார்கள், 2006இல் அவர்கள் குண்டு வெடித்தார்கள். உங்கள் தராசில் இதையும் வையுங்கள்.

#12 தராசு

வைத்தாயிற்று. 1994இல் தாக்காததற்குக் காரணம் ஒப்பந்தத்தின் மீதிருந்த நம்பிக்கை மட்டுமில்லை; சியோல் நகரம் வட கொரியாவின் பீரங்கிக் குண்டு எட்டும் தூரத்தில் இருக்கிறது. தடுக்க முயலும் போரே தடுக்க நினைத்த அழிவை நிகழ்த்திவிடும் இடங்களில் இந்தக் கோட்பாடு வாயடைத்து நிற்கும். மறுபக்கம் திருப்பித் தாக்கும் வலிமை இல்லாத நாடுகளின் மீதுதான் அது நடைமுறையில் பாய்கிறது. இராக்கையும் வட கொரியாவையும் ஒருசேரப் பார்த்த மற்ற அரசுகள் இதிலிருந்து என்ன முடிவுக்கு வந்திருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

#13 சாசனவாசி

ஆய்வுமேசை தொடக்கத்தில் கேட்ட பெயர்மாற்றம் நடக்கும் வழியைச் சொல்கிறேன். யாரும் உடனடித்தன்மை வேண்டாம் என்று சொல்வதில்லை. அதை நீட்டுகிறார்கள்.

2002 வியூக ஆவணம், உடனடி அபாயம் என்ற கருத்தை இன்றைய எதிரிகளின் ஆற்றலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும் என்றது. 2013இல் கசிந்த அமெரிக்க நீதித்துறையின் குறிப்பு, ஆளில்லா விமானத் தாக்குதல்களைப் பற்றியது, இன்னும் ஒரு படி மேலே போய், குறிப்பிட்ட ஒரு தாக்குதல் அண்மையில் நடக்கும் என்ற தெளிவான சான்று இல்லாமலே அபாயம் உடனடியானதாக இருக்கலாம் என்று வாதிட்டது. தாக்குதல் எப்போது வரும் என்ற கேள்வி இங்கே மறைந்து, நமக்கு வாய்ப்பு எப்போது முடியும் என்ற கேள்வி அதன் இடத்தில் வந்து உட்கார்கிறது. கடைசி வாய்ப்பு என்ற இந்த வாதத்தை நான் முழுவதுமாக ஒதுக்கவில்லை. தற்கொலைத் தாக்குதல் கும்பல் ஒன்று நகரத்துக்குள் கலைந்து மறையப்போகிறது என்றால் அதற்குப் பொருளுண்டு. ஒரு நாட்டின் தொழில்துறை வளர்ச்சிக்கு அதைப் பொருத்தும்போது எந்த நாளும் கடைசி நாளாகிவிடும்.

நீட்டிய கருவி நீட்டியவரிடம் மட்டும் தங்காது. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது படையெடுத்த ரஷ்யா பிரிவு 51ஐத்தான் மேற்கோள் காட்டியது. அந்த ஆண்டு மே 9 உரையில் புதின் அதை ஆக்கிரமிப்புக்கு எதிராக முந்திக்கொண்டு கொடுத்த பதிலடி என்றார். 2004 உயர்நிலைக் குழு எச்சரித்தது இதைத்தான்.

ஒப்பிட ஒன்று சொல்கிறேன். 1962 அக்டோபரில் கியூபாவில் ஏவுகணைகள் கண்டுபிடிக்கப்பட்டபோது, கென்னடி அரசின் சட்ட ஆலோசகர்கள் பிரிவு 51ஐத் தொடாமல், அமெரிக்க நாடுகளின் அமைப்பின் தீர்மானத்தைப் பெற்றுக் கடல்வழித் தடுப்பை மட்டும் நியாயப்படுத்தினார்கள். நிறுத்திவைக்கப்பட்ட ஏவுகணையைத் தாக்குதல் என்று நாம் சொன்னால், நாளை மற்றவர்களும் நம் ஏவுகணைகளைப் பற்றி அதையே சொல்வார்கள் என்பது அவர்களுடைய கவலை. அன்று வான்தாக்குதல் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது முப்பதாண்டு கழித்துத்தான் தெரிந்தது: குறுந்தூர அணு ஆயுதங்கள் அப்போதே கியூபாவில் சோவியத் படையின் கையில் இருந்தன.

#14 மலையமான்

சரி. கடைசியாக ஒன்று கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள். பக்கத்து நாடு குண்டு செய்கிறது என்று ஓர் அரசுக்குத் தெரிகிறது. பாதுகாப்பு அவைக்குப் போனால் யாராவது தடையுரிமையைப் பயன்படுத்துவார்கள். போரும் கூடாது என்கிறீர்கள். அந்த அரசு என்னதான் செய்யும்?

#15 ஆய்வுமேசை

முதலில், தாக்குதல் தலைக்கு மேல் வந்துவிட்டால் முந்திக்கொள்ளும் உரிமையை இங்கே பெரும்பாலோர் மறுக்கவில்லை. அப்படிச் சொல்லி ஓர் அரசு தாக்கினால், எந்தப் படை, எந்த இலக்கு, எப்போது, காத்திருந்தால் எது கைவிட்டுப் போயிருக்கும் என்ற நான்கையும் பின்னராவது தன் நாடாளுமன்றத்தின் முன்னும் பாதுகாப்பு அவையின் முன்னும் வைக்கக் கடமைப்பட்டிருக்கிறது. பிரிவு 51 அறிக்கை அளிப்பதைக் கட்டாயமாக்கித்தான் வைத்திருக்கிறது. அந்த அறிக்கைகள் இரண்டு பத்திச் சடங்காகிவிட்டன.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: அந்த அரசு தற்காப்பை வலுப்படுத்தும், திருப்பித் தாக்கும் வலிமையைக் காட்டி அச்சுறுத்தும், ஆய்வுகளுக்கும் தடைகளுக்கும் கூட்டாளிகளைச் சேர்க்கும், பேசும். இவை எதுவும் முழுப் பாதுகாப்பைத் தராது என்பது உண்மைதான். போரும் தராது என்பதை ஒசிராக் காட்டுகிறது.

ஒரு நடைமுறை எடுத்துக்காட்டும் உண்டு. 1980களில், பாகிஸ்தானின் கஹுத்தா அணு நிலையத்தை இந்தியா தாக்கப்போகிறது என்ற பேச்சு திரும்பத் திரும்பக் கிளம்பிய பின்னணியில், 1988 டிசம்பர் 31 அன்று இந்தியாவும் பாகிஸ்தானும் ஒருவர் அணு நிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை என்று ஒப்பந்தம் செய்தன. அது 1991 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 1992 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று இரு நாடுகளும் தத்தம் நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் போருக்குப் பிறகும் மாறிக்கொண்டார்கள், பாலகோட் தாக்குதல் நடந்த ஆண்டு முடிந்த பிறகும் மாறிக்கொண்டார்கள்.

#16 மலையமான்

பட்டியலில் இல்லாத நிலையத்தை அந்த ஒப்பந்தம் காப்பாற்றுமா?

#17 அணுத்துகள்

ஒப்பந்தத்தில் சரிபார்க்கும் ஏற்பாடு கிடையாது. இரு தரப்பும் கொடுத்ததை வாங்கி வைத்துக்கொள்கின்றன. பட்டியலுக்கு வெளியே எதையாவது வைத்தால் அது ஒப்பந்தத்தின் காப்புக்கும் வெளியே நிற்கும் என்பதால், மறைப்பவருக்கும் அதில் ஒரு விலை இருக்கிறது. அல்-கிபார் தகர்ந்தபோது சிரியா எழுப்பாத குரலைக் கவனித்தால் அந்த விலை என்ன என்று தெரியும்.